முதுமையும் மின்சைக்கிளும்: நெதர்லாந்தின் அனுபவம்

மின்சைக்கிள் என்பது மிதிப்பவரின் விசையோடு சிறிய மின்மோட்டார் ஒன்றின் விசையும் சேர்ந்து ஓடும் சைக்கிள். மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வரும். கால் நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஓடும் மின்ஸ்கூட்டரிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த விதிதான். நெதர்லாந்தில் இந்த வண்டி கடைகளுக்கு வந்தபோது அதை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் ஓய்வுபெற்ற வயதினர். சிறுவயது முதல் சைக்கிளிலேயே பள்ளிக்கும் வேலைக்கும் போய்வந்த ஒரு தலைமுறை, மூச்சு வாங்கத் தொடங்கிய வயதிலும் சைக்கிளை விடாமலிருக்க இது வழி செய்தது. வேலைக்குப் போவோரும் மாணவரும் அதன் பிறகே வந்து சேர்ந்தார்கள்.

முதியோருக்கு மின்சைக்கிள் எப்படி உதவுகிறது, அந்த உதவி உடலுக்கும் மனத்துக்கும் எந்த அளவில் பயன்படுகிறது, அதில் உள்ள ஆபத்து என்ன ஆகிய மூன்று கேள்விகளும் கடந்த இருபது ஆண்டுகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. மோட்டார் முதியவரின் உழைப்பை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. அவரைச் சைக்கிளை விட்டே விலகச் செய்யும் கடினமான சில நிமிடங்களை மட்டும் தணிக்கிறது. அதனால் அவர் சைக்கிள் ஓட்டும் ஆண்டுகள் நீள்கின்றன. ஆனால் வண்டி மட்டும் இருந்தால் போதாது. பாதுகாப்பான பாதையும், வேகத்துக்கு வரம்பு கட்டும் சட்டமும், கொஞ்சம் பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

தோற்றமும் பரவலும்

சைக்கிளில் மின்மோட்டாரைப் பொருத்தும் எண்ணம் பழையது. அமெரிக்கரான ஆக்டன் போல்டன் 1895இல் பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் கனமான பேட்டரியும் குறைந்த ஓட்டத் தூரமும் அந்த எண்ணத்தைப் பல பத்தாண்டுகளுக்குத் தடுத்துவைத்தன. மிதிக்கும் விசையை அளந்து அதற்கேற்பத் துணைசெய்யும் வண்டியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் யமஹா நிறுவனம். 1993இல் வெளியான அதன் ‘பாஸ்’ வண்டியில் ஈய அமில பேட்டரி இருந்தது. எடை 30 கிலோவைத் தாண்டியது. இன்றைய மின்சைக்கிள்களின் அடிப்படை வடிவம் அதில்தான் உருவாயிற்று.

நெதர்லாந்தில் இதற்கு முன்னோடியாக வேறொரு வண்டி இருந்தது. ஸ்பார்ட்டா நிறுவனம் 1980களில் விற்ற ‘ஸ்பார்ட்டாமெட்’ என்பது பின்சக்கரத்தில் சிறிய பெட்ரோல் எஞ்சின் பொருத்திய சைக்கிள். முதியவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஆனால் இரைச்சலும் புகையும் அதோடு சேர்ந்தே வந்தன. அதே நிறுவனம் 2003இல் ‘அயன்’ என்ற மின்சைக்கிளை வெளியிட்டது. பேட்டரி சட்டகத்துக்குள் மறைந்திருந்ததால் அது பார்வைக்குச் சாதாரண சைக்கிளைப் போலவே இருந்தது. முதுமையை ஊருக்கு அறிவிக்கும் கருவி என்ற கூச்சம் இல்லாமல் வாங்க இந்தத் தோற்றம் உதவியது.

லித்தியம் பேட்டரிகளின் விலையும் எடையும் குறைந்த பிறகு விற்பனை வேகமாக வளர்ந்தது. 2018இல் நெதர்லாந்தில் சுமார் 4,09,000 மின்சைக்கிள்கள் விற்றன. சைக்கிள் வகைகளில் அதிகம் விற்பது மின்சைக்கிள் என்ற நிலை அந்த ஆண்டில்தான் வந்தது. 2020இல் விற்பனை சுமார் 5,47,000 ஆயிற்று. அந்த ஆண்டு விற்ற புதிய சைக்கிள்களில் ஏறக்குறைய பாதி மின்சைக்கிள்கள். ஜெர்மனியிலும் 2023இல் மின்சைக்கிள் விற்பனை சாதாரண சைக்கிள் விற்பனையை முந்தியது.

இயங்கும் விதம்

மின்சைக்கிளின் நடத்தையைத் தீர்மானிப்பது மோட்டாரின் வலிமையைவிட அதன் உணரிதான். இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் அறியும். பெடல் சுழலத் தொடங்கியதும் மோட்டார் ஓடும். ஓட்டுபவர் மெதுவாக மிதித்தாலும் அழுத்தி மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். விலை குறைந்த வண்டிகளில் இந்த வகை அதிகம். இரண்டாம் வகை, பெடலில் விழும் அழுத்தத்தையே அளக்கும். மெல்ல மிதித்தால் மெல்லத் துணைசெய்யும். அழுத்தி மிதித்தால் துணையும் கூடும். முதியவருக்கு ஏற்றது இந்த இரண்டாம் வகையே. முதல் வகையில் மோட்டார் சற்றுத் தாமதித்து ஒரு தள்ளலோடு கிளம்பலாம்; கால் நின்ற பிறகும் ஒரு கணம் தள்ளலாம். சமநிலை தளர்ந்தவருக்கு அந்த ஒரு கணமே போதும், தடுமாறுவதற்கு.

மோட்டார் இருக்கும் இடமும் முக்கியம். முன்சக்கரத்தில் இருந்தால் ஈரமான வளைவில் சக்கரம் வழுக்கும் அபாயம் கூடும். பின்சக்கரத்தில் இருந்தால் வண்டியைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிடும் உணர்வு கிடைக்கும். பெடல் அச்சின் அருகே, சட்டகத்தின் நடுவில் இருந்தால் எடை தாழ்வாகவும் மையமாகவும் அமையும். மோட்டாரின் விசை கியர் வழியாகவே சக்கரத்துக்குப் போவதால் மேட்டில் ஏறுவதும் எளிது. விலை கூடினாலும் இந்த நடு மோட்டார் வண்டிகளே இன்று ஐரோப்பியக் கடைகளில் முன்னிலையில் உள்ளன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இந்த வண்டிக்கு இரண்டு எல்லைகளை வகுத்துள்ளது. மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் துணை நின்றுவிட வேண்டும். இந்த எல்லைக்குள் அடங்கும் வண்டி சட்டத்தின் கண்ணில் சைக்கிளே. ஓட்டுநர் உரிமமோ பதிவெண்ணோ தேவையில்லை. சைக்கிள் பாதையில் ஓட்டலாம். மணிக்கு 45 கிலோமீட்டர் வரை துணைசெய்யும் வேக வகை வண்டிகள் மொபெட் வகுப்பில் சேர்க்கப்பட்டு, அவற்றுக்குப் பதிவெண்ணும் காப்பீடும் தலைக்கவசமும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. வண்டியை இறங்கித் தள்ளும்போது உதவ, மணிக்கு 6 கிலோமீட்டர் வரை மிதிக்காமலே மோட்டாரை இயக்கும் ஒரு பொத்தானுக்கும் இடமுண்டு. மேடான பாலத்தில் 25 கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும் முதியவருக்கு அந்தப் பொத்தான் பெரிய ஆறுதல்.

எதிர்க்காற்றும் வயதும்

நெதர்லாந்தில் மலைகள் இல்லை என்பதால் அங்கே சைக்கிள் ஓட்டுவது எளிது என்று தோன்றும். ஆனால் கடலோரச் சமவெளியில் தடையின்றி வீசும் காற்றுதான் அங்கே ஏற்றம். அதன் கடுமையை ஒரு கணக்கில் காணலாம்.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில், வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ எடை என்று கொள்வோம். காற்றில்லாத நேரத்தில் சமதரையில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சுமார் 75 வாட் திறன் தேவைப்படும். இதில் பாதிக்கு மேல் காற்றைக் கிழிப்பதற்கும், மீதி டயரின் உருள்தடைக்கும் போகிறது. அதே வேகத்தில் போகும்போது எதிரே மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய 210 வாட்டாக எகிறிவிடும். ஓட்டுபவர் உணரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானதும் காற்றுத்தடை நான்கு மடங்காவதே காரணம். இத்தனைக்கும் இது புயல் அல்ல. மரக்கிளைகளின் இலைகளை அசைக்கும் சாதாரணக் காற்று.

இனி ஓட்டுபவரின் பக்கம். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு, முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு என்ற கணக்கில் குறைந்துகொண்டே வருகிறது. தசையின் அளவும் குறைகிறது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவருக்கு இந்தச் சரிவு மெதுவாக நிகழும். ஆனால் நிகழாமல் இராது. பயிற்சி பெறாத, நலமான எழுபது வயதுக்காரர் ஒருவர் களைப்பின்றி நீண்ட நேரம் தரக்கூடிய திறன் 70 முதல் 100 வாட் வரைதான் இருக்கும். அமைதியான காலையில் அவரால் சாதாரண சைக்கிளில் சுகமாகப் போக முடியும். பகலில் காற்று திரும்பினால் வீடு திரும்பும் பயணம் அவருடைய தாங்கும் எல்லைக்கு இரண்டு மடங்கு மேலே போய்விடும். ஒருமுறை அப்படித் திண்டாடியவர் மறுமுறை வானிலையைப் பார்த்துத் தயங்குவார், தூரத்தைக் குறைப்பார், மெல்ல மெல்ல வண்டி கொட்டகையிலேயே நின்றுவிடும்.

மின்சைக்கிள் மாற்றியமைப்பது இந்த இடத்தைத்தான். ஓட்டுபவர் தரும் விசையைப்போல ஒன்றரை மடங்கை மோட்டார் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 210 வாட்டில் அவர் பங்கு 84 வாட். மோட்டாரின் பங்கு 126 வாட். எதிர்க்காற்றிலும் அவருக்கு ஏறக்குறைய காற்றில்லாத நாளின் உழைப்பே போதும். அவர் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார். இதயமும் நுரையீரலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. தாங்க முடியாத உச்சம் மட்டும் நீங்கிவிடுகிறது. பாலத்தின் ஏற்றம், சிக்னலில் நின்று கிளம்பும் முதல் சில மிதிகள், பையில் காய்கறிச் சுமையோடு திரும்பும் வழி ஆகிய எல்லா இடங்களிலும் இதே கணக்குதான்.

உடலுக்கு எவ்வளவு பயன்?

மோட்டார் உதவினால் உடற்பயிற்சி எங்கே மிஞ்சும் என்ற ஐயம் இயல்பானது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதியவர்கள் உட்படப் பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். மின்சைக்கிள் ஓட்டுவது அந்த ‘மிதமான’ தரத்தை எட்டுகிறதா என்பதே ஆய்வாளர்கள் முதலில் எழுப்பிய கேள்வி.

2009இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 12 பேர் 4.3 கிலோமீட்டர் தடத்தை மோட்டார் இல்லாமலும், குறைந்த துணையோடும், கூடுதல் துணையோடும் ஓட்டினார்கள். துணை கூடக்கூட வேகம் கூடியது. உடல் செலவழித்த திறன் சற்றுக் குறைந்தது. ஆயினும் கூடுதல் துணையிலும் உழைப்பு, நலத்துக்குத் தேவையான மிதமான தரத்தை எட்டியே இருந்தது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு அதுவரை நடந்த 17 ஆய்வுகளை அலசி, மின்சைக்கிள் ஓட்டுவது மிதமான உடலுழைப்பே என்றும், உடலுழைப்பு இல்லாமல் இருந்தவர்களின் இதய, நுரையீரல் திறனை அது உயர்த்தக்கூடும் என்றும் கூறியது.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 20 பேரிடம் நடந்த முன்னோட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது. அவர்களுக்கு 20 வாரங்களுக்கு மின்சைக்கிள் தரப்பட்டது. எவ்வளவு ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் விருப்பத்துக்கே விடப்பட்டது. சராசரியாக வாரத்துக்கு 21 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள். ஓட்டும்போது அவர்களின் இதயத்துடிப்பு, அதிகபட்ச அளவில் சுமார் 75 விழுக்காட்டை எட்டியது. நடக்கும்போது சுமார் 64 விழுக்காடுதான். ஆக, மின்சைக்கிள் அவர்களுக்கு நடையைவிடக் கூடுதல் பயிற்சியாக அமைந்தது. முழங்கால் மூட்டில் உடலின் எடை விழாமல் இந்தப் பயிற்சி கிடைப்பது மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குக் கூடுதல் நன்மை.

ஏழு ஐரோப்பிய நகரங்களில் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது. மின்சைக்கிள் ஓட்டுவோரின் வாராந்தர உடலுழைப்பும் சாதாரண சைக்கிள் ஓட்டுவோரின் உழைப்பும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் உழைப்பு குறைந்தாலும் அவர்கள் நெடுந்தூரம் ஓட்டி அதை ஈடுசெய்தார்கள். அந்த ஆய்வில் மின்சைக்கிள்காரர்களின் சராசரி வயது, மற்ற சைக்கிள்காரர்களின் சராசரி வயதைவிடக் கூடுதல் என்பதும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

இந்தப் பயனுக்கு எல்லைகளும் உண்டு. மின்சைக்கிள் எதன் இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தே நன்மையின் அளவு அமையும். காரில் போனவர் மின்சைக்கிளுக்கு மாறினால் உடலுக்கு லாபம்; சாதாரண சைக்கிளை நன்றாக ஓட்டிவந்தவர் அதே தூரத்துக்கு மின்சைக்கிளை எடுத்தால் உழைப்பு குறைகிறது. உடல் எடையை இருக்கை தாங்குவதால் எலும்பின் அடர்த்தியைக் காக்கும் பயிற்சியாக இது அமையாது. முதியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசைவலிமைக்குமான பயிற்சி வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதலில் உள்ளது. நடையும் அந்தப் பயிற்சிகளும் தொடர வேண்டியவை.

மகிழ்ச்சியும் துணையும்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ‘சைக்கிள்பூம்’ திட்டம் முதியோரின் சைக்கிள் அனுபவத்தை மனத்தின் பக்கமிருந்து ஆராய்ந்தது. அதன் ஒரு பகுதியாக 50 முதல் 83 வயது வரையிலான 100 பேர் எட்டு வாரங்கள் கவனிக்கப்பட்டார்கள். ஒரு குழு சாதாரண சைக்கிளையும் இன்னொரு குழு மின்சைக்கிளையும் வாரத்துக்கு மூன்று முறை, அரைமணி நேரமாவது ஓட்டியது. மூன்றாம் குழு ஓட்டவில்லை. 2019இல் வெளியான முடிவுகளின்படி, கவனச்சிதறலை அடக்கித் திட்டமிட்டுச் செயல்படும் மூளைத்திறனுக்கான சோதனையில் சைக்கிள் ஓட்டிய இரு குழுக்களும் முன்னேறின. மனநலத்தைப் பொறுத்தவரை மின்சைக்கிள் குழுவில் தென்பட்ட முன்னேற்றம் சாதாரண சைக்கிள் குழுவுக்குக் குறைந்ததாக இல்லை. உடலுழைப்பு மட்டுமே காரணம் என்றால் கூடுதலாக உழைத்தவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்திருக்க வேண்டும். வெளியே போவதும், புதிய வழிகளைத் தேடுவதும், மரம் செடிகளுக்கு நடுவே காற்றுப்பட ஓட்டுவதும் தம் பங்குக்கு மூளைக்கும் மனத்துக்கும் உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

மகிழ்ச்சியைக் கூடுதல் அலங்காரமாக எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. பழக்கம் நிலைப்பதற்கு அதுவே வேர். மருத்துவர் சொன்னார் என்பதற்காகத் தொடங்கும் உடற்பயிற்சியைப் பலர் சில மாதங்களில் கைவிடுகிறார்கள். தனக்குப் பிடித்த ஏரிக்கரைக்கு, நண்பர்களோடு காபி குடிக்க, பேரப்பிள்ளைகளின் வீட்டுக்கு என்று போய்வரும் பயணம் உடற்பயிற்சி என்ற நினைப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

இந்த மகிழ்ச்சியில் துணைக்குப் பெரிய பங்குண்டு. ஒரே வீட்டில் வாழும் கணவனுக்கும் மனைவிக்கும் உடல்வலிமை ஒரே அளவில் குறைவதில்லை. ஒருவருக்கு மூட்டுவலி, மற்றவருக்கு இதயக் கோளாறு. ஒருவர் முன்னே போய்க் காத்திருப்பதும் மற்றவர் பின்னால் மூச்சுவாங்க வருவதுமாக இருந்தால் சேர்ந்து போகும் ஆசையே வற்றிவிடும். வலிமை குறைந்தவர் மோட்டாரின் துணையைக் கூட்டிக்கொண்டால் இருவரும் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம். நெதர்லாந்துச் சட்டம் இருவர் இணையாக ஓட்டுவதை அனுமதிக்கிறது. பாதைகளும் பெரும்பாலும் அதற்கேற்ற அகலத்தில் இருக்கின்றன.

ஓய்வுக்காலப் பயணங்களுக்கு இன்னொரு வசதியும் கைகொடுக்கிறது. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தைச் சேர்ந்த சுரங்கப் பொறியாளர் ஹ்யூகோ போலன், சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் எண்ணிடும் முறையை உருவாக்கினார். 1995இல் அங்கே தொடங்கிய முறை பிறகு நெதர்லாந்து முழுவதும் பரவியது. காலையில் வரைபடத்தைப் பார்த்து ஐந்தாறு எண்களைத் தாளில் குறித்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு சந்திப்பிலும் அடுத்த எண்ணுக்கு வழிகாட்டும் பலகை இருக்கும். கைப்பேசித் திரையைப் பார்த்துத் தடுமாறத் தேவையில்லாத இந்த எளிமை, முதியோரின் ஐம்பது கிலோமீட்டர் உலாக்களுக்கு மிகவும் ஏற்றது.

சுதந்திரமும் இதில் அடங்கும். நெதர்லாந்தில் 75 வயதுக்குப் பிறகு ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை தேவை. காரை விட்டவருக்கும், காரே இல்லாதவருக்கும், பிள்ளைகளின் தயவை எதிர்பாராமல் கடைக்கும் மருத்துவரிடமும் போய்வர மின்சைக்கிள் துணைநிற்கிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

2022இல் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் இறந்த சைக்கிள்காரர்கள் ஏறத்தாழ 290 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் முதியவர்கள். இந்தச் செய்தி வரும்போதெல்லாம் மின்சைக்கிளின் வேகமே காரணம் என்று பேசப்படுகிறது. ஆய்வுகள் காட்டும் படம் அவ்வளவு எளிதானது அல்ல. 2014இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, மின்சைக்கிள்காரர்கள் விபத்தால் அவசர சிகிச்சைக்கு வரும் வாய்ப்பு சாதாரண சைக்கிள்காரர்களைவிடக் கூடுதல் என்றது. பின்னர் 2018இல் வெளியான ஆய்வு, வயதையும் ஓட்டும் தூரத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த வேறுபாட்டைக் காணவில்லை. மின்சைக்கிளை ஓட்டுவோர் வயதில் மூத்தவர்கள். கூடுதல் தூரம் ஓட்டுபவர்கள். ஆபத்தின் பெரும்பங்கு வண்டியில் இருந்ததைவிட ஓட்டுபவரின் வயதில் இருந்தது. அறுபது வயதுக்காரர் விழுந்து எழுந்துபோகும் இடத்தில் எண்பது வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிகிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு, தலையில் படும் சிறு அடியும் உள்ளே இரத்தக் கசிவாக மாறலாம்.

விபத்துகளின் வகையும் கவனத்துக்கு உரியது. மருத்துவமனையில் சேர்க்கப்படும் சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் வேறு வண்டி எதுவும் மோதாமல் தாமாகவே விழுந்தவர்கள். பாதையின் விளிம்பில் சக்கரம் இறங்குவது, காரை மறிக்கப் பாதை நடுவே நட்ட கம்பத்தில் இடிப்பது, வழுக்குவது, ஏறும்போதும் இறங்கும்போதும் சாய்வது ஆகியவை முக்கியக் காரணங்கள்.

ஏறுவதையும் இறங்குவதையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சைக்கிள் வேகத்தில் போகும்போது தன் சமநிலையைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும்; மெதுவாகப் போகும்போது ஓட்டுபவர்தான் கைப்பிடியை இடமும் வலமும் திருப்பித் திருப்பிக் காக்க வேண்டும். எனவே கிளம்பும் முதல் சில வினாடிகளே கடினமானவை. ஒரு கால் தரையில், மறுகால் பெடலில். வண்டியோ சாதாரண சைக்கிளைவிட ஆறேழு கிலோ கூடுதல் எடை. அந்த நிலையில் வண்டி பக்கவாட்டில் ஒரு கோணத்துக்கு மேல் சாய்ந்துவிட்டால், வலிமை குறைந்த காலால் அதைத் தாங்கி நிமிர்த்த முடியாது. மோட்டார் முழுத் துணையில் இருந்து, பெடலில் வைத்த கால் தெரியாமல் அழுந்திவிட்டால் வண்டி முன்னே பாயும். இறங்கும்போது இதே சிக்கல் தலைகீழாக வரும்: முழுதாக நிற்பதற்கு முன் காலைத் தூக்கினால் சாய்வு, நின்ற பிறகு தூக்கத் தாமதித்தாலும் சாய்வு. குறைந்த துணையில் வைத்துக் கிளம்புவது, பிரேக்கைப் பிடித்தபடியே ஏறுவது, இருக்கையின் முன்னால் இறங்கி இரு கால்களையும் தரையில் ஊன்றிய பிறகே வண்டியை விட்டு விலகுவது ஆகிய மூன்று பழக்கங்களும் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கும்.

வண்டியின் வடிவமைப்பு

முதியவருக்கான மின்சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது சட்டகம். லேடீஸ் சைக்கிளைப் போல் நடுவே குறுக்குக் கம்பி இல்லாமல், காலைத் தரையிலிருந்து சிறிதே தூக்கி உள்ளே வைக்கும் தாழ்வான சட்டகம் இடுப்பும் முழங்காலும் வளையாதவர்களுக்கு அவசியம். ஆண்கள் பெண்கள் வேறுபாடின்றி நெதர்லாந்தின் முதியவர்கள் இந்த வகையை ஓட்டுகிறார்கள். இருக்கையில் அமர்ந்தபடியே இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்ற முடிய வேண்டும். பெடல் அச்சைச் சற்று முன்னே தள்ளி வைத்த வடிவங்களில் இருக்கையைத் தாழ்த்தினாலும் கால் நன்றாக நீள்கிறது.

எடை அடுத்தது. பெரும்பாலான மின்சைக்கிள்கள் 20 முதல் 28 கிலோ வரை இருக்கும். ஓடும்போது மோட்டார் எடையை மறக்கச் செய்யும்; படியேற்றும்போதும் காரின் பின்னால் மாட்டும்போதும் அது முழுதாக நினைவுக்கு வரும். கழற்றக்கூடிய பேட்டரி இருந்தால் வண்டியைக் கீழே விட்டுவிட்டு அதை மட்டும் வீட்டுக்குள் எடுத்துச் சென்று சார்ஜ் செய்யலாம். 500 வாட்-மணி பேட்டரி ஒருமுறை நிறைய அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலான மின்சாரம் போதும். குறைந்த துணையில் 100 கிலோமீட்டர் வரையும், எதிர்க்காற்றில் கூடுதல் துணையோடு ஐம்பது கிலோமீட்டர் அளவும் போகலாம். குளிர்காலத்தில் லித்தியம் பேட்டரியின் ஓட்டத் தூரம் குறையும். அதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

விழுவதைத் தடுக்கும் தொழில்நுட்பமும் வளர்ந்துவருகிறது. ட்வென்டெ பல்கலைக்கழகத்தின் பங்கோடு உருவான ‘சோஃபி’ என்ற மாதிரி வண்டியில், வேகம் குறைந்ததும் இருக்கை தானே தாழ்ந்து, கால் தரையை எளிதில் தொட உதவியது. டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கசெல் நிறுவனமும் 2019இல் காட்டிய மாதிரி வண்டியில், சாய்வு ஏற்படும்போது கைப்பிடியில் உள்ள சிறு மோட்டார் தக்க திசையில் திருப்பிச் சமநிலையைக் காத்தது.

பாதையும் பயிற்சியும்

நெதர்லாந்தின் முதியவர்கள் எண்பது வயதிலும் துணிந்து சைக்கிளில் கிளம்புவதற்கு அடித்தளம் அங்கே உள்ள 35,000 கிலோமீட்டர் அளவிலான தனிச் சைக்கிள் பாதைகள். அவை தானாக வந்துவிடவில்லை. 1971இல் அந்த நாட்டின் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர் சிறுமியர் நூற்றுக்கணக்கானோர். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு கார்களுக்காகவே சாலையமைக்கும் கொள்கையை மாற்றிக்கொண்டது. குழந்தைகளுக்காகக் கேட்டுப் பெற்ற பாதைகள் அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதியவர்களுக்கும் அரணாகிவிட்டன. முதியவர்களின் தொகை கூடக்கூட, பாதையின் அகலத்தை அதிகரிப்பது, விளிம்பைச் சாய்வாக்குவது, நடுக்கம்பங்களை அகற்றுவது போன்ற புதிய தேவைகள் இப்போது முன்னுக்கு வந்துள்ளன.

பயிற்சிக்கென்று தனித்திட்டமும் உண்டு. ‘டோர்ட்ராப்பன்’ என்ற பெயரில் அரசின் ஆதரவோடு நடக்கும் திட்டத்தின் இலக்கு, நூறு வயது வரை பாதுகாப்பாகச் சைக்கிள் ஓட்டச் செய்வது. உள்ளூர் நகராட்சிகள், உடற்பயிற்சியாளர்கள், சைக்கிள் கடைக்காரர்கள் எனப் பலரும் அதில் கைகோக்கிறார்கள். வண்டியைச் சோதித்துச் சரிசெய்வது, ஏறி இறங்கப் பழக்குவது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் நெகிழ்வை வளர்ப்பது போன்றவற்றை அது கற்றுத் தருகிறது. பல பத்தாண்டுகளாகச் சைக்கிள் ஓட்டியவருக்கு மறுபடியும் பயிற்சியா என்ற கேள்வி எழலாம். உடல் மாறியிருக்கிறது, வண்டியும் மாறியிருக்கிறது. எனவே பழக்கமும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகிறது.

இரண்டு சக்கரத்தில் சமநிலை காக்க முடியாத நாள் வரும்போது மோட்டார் பொருத்திய மூன்று சக்கர சைக்கிள் அடுத்த கட்டம். அதையும் ஓட்ட முடியாதவர்களுக்காக டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஓலே காசோ 2012இல் ஒரு முயற்சியைத் தொடங்கினார். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களை முன்னால் அமரவைத்து, தன்னார்வலர் ஒருவர் பின்னால் மிதித்துச் செல்லும் மின்துணை ரிக்‌ஷா அது. ‘வயதற்ற சைக்கிள்’ என்ற அந்த இயக்கம் இப்போது பல நாடுகளில் நடக்கிறது.

முடிவுகள்

முதியவர் சைக்கிளைக் கைவிடும் முடிவு பெரும்பாலும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. எதிர்க்காற்று, ஏற்றம், தூரம், துணையின்மை என்று சிறுசிறு தயக்கங்கள் சேர்ந்து அந்த முடிவை உண்டாக்குகின்றன. மின்சைக்கிள் அவற்றில் பலவற்றை நீக்கி, மிதமான உடலுழைப்பும் வெளியுலகத் தொடர்பும் தொடர வழி செய்கிறது. மிதித்தால்தான் ஓடும் என்ற விதி அந்த உழைப்பைக் காக்கிறது. 25 கிலோமீட்டர் எல்லை அவரைச் சைக்கிள் பாதைக்குள் வைத்துக் காக்கிறது.

வயதால் வரும் சமநிலைத் தளர்வையும் எலும்பின் நொய்மையையும் மோட்டாரால் சரிசெய்ய முடியாது. அதற்குத் தாழ்வான சட்டகம், அழுத்தத்தை அளக்கும் உணரி, தலைக்கவசம், ஏறி இறங்கும் பயிற்சி, அகலமான பாதை ஆகியவை தேவை. அவற்றில் முதல் நான்கை முதியவரும் குடும்பத்தினரும் தேடிக்கொள்ளலாம். கடைசியை அரசும் நகராட்சியும்தான் தர முடியும். 2,000 யூரோவுக்கு மேல் விலையுள்ள வண்டியை வாங்கித் தருவதோடு முதியோர் நலம் முடிந்துவிடாது என்பதும், நல்ல பாதை இருக்கும் இடத்தில் அந்த வண்டி ஒருவரின் இயங்கும் ஆண்டுகளை நீட்டித் தரும் என்பதும் நெதர்லாந்தின் அனுபவம் சேர்ந்தே சொல்லும் இரண்டு பாடங்கள்.